காலியாக இருந்த கட்டம்

நோயாளியின் விவரப் பக்கம் ஆமை வேகத்தில் திறக்கிறது என்று ஆறு மாதமாக மருத்துவமனை முழுக்கப் புலம்பல். இங்கே மென்பொருளைப் பார்த்துக்கொள்பவள் நான். விவரங்களைக் கட்டங்களில் நிரப்பிப் பக்கமாக்கித் தருவது டெம்ப்ளேட் இன்ஜின். எங்கள் மென்பொருளின் அடித்தளமான ஜாங்கோவோடு வந்த பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு, இன்று காலை ஜின்ஜா என்ற வேகமான இன்ஜினை மாட்டினேன். இல்லாத விவரத்தை ஒரு பக்கம் கேட்டால் மழுப்பாமல் நின்றுவிடு என்று ஒரு வரியும் சேர்த்தேன். பத்துப் பக்கங்களைச் சோதித்தேன். மருந்துப் பக்கத்தை விட்டுவிட்டேன், கொழுப்புதான்.

பதினோரு மணிக்கு அந்தப் பக்கம்தான் படுத்துவிட்டது. போனில் ஹெட் நர்ஸ் அக்கா.

"என்னம்மா, பக்கமே வரமாட்டேங்குது? பதினோராம் பெட்ல ஒருத்தர் நினைவில்லாம கெடக்கார். ஊசிய கையில வெச்சிக்கிட்டு நிக்கிறேன்."

நான் சேர்த்த வரியை எடுத்தால் பக்கம் உடனே வந்துவிடும். எடுக்கப் போனவள் பிழைச் செய்தியைப் படித்தேன். அலர்ஜிக் கட்டம் கேட்கும் விவரம் அந்த இடத்தில் இல்லையாம். இரண்டு வருடம் முன்பு அதை வேறு அட்டவணைக்கு மாற்றியவளே நான்தான். பக்கத்தில் மாற்ற மறந்திருக்கிறேன். பழைய இன்ஜின் மூச்சு விடாமல் கட்டத்தை வெறுமையாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

"அக்கா, அலர்ஜிக் கட்டம் இவ்வளவு நாளா காலியாவா இருந்துச்சு?"

"எப்பவும் காலிதான். காலின்னா ஒண்ணுமில்லன்னு நம்பிட முடியுமா? ஒவ்வொரு தடவையும் வாயால கேட்டுக்குவோம். இவர்கிட்ட எப்படிக் கேக்க?"

நாற்பது படுக்கை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, இரண்டு வருடம். என் தப்பை இவர்கள் கேட்டுக் கேட்டே தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

"ஊசி போட்டுடாதீங்கக்கா. ரெண்டே நிமிஷம்."

திருத்திச் சேமித்துவிட்டு மாடிப்படியில் வார்டுக்கு ஓடினேன். அக்கா திரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். கட்டத்தில் சிவப்பாக 'பென்சிலின்' என்றிருந்தது. அவர் கையிலிருந்த ஊசியும் அதுதான். அதைத் தட்டில் வைத்தார். டாக்டரைக் கூப்பிட்டு வேறு மருந்து எழுதி வாங்கினார்.

பிறகு பன்னிரண்டாம் படுக்கைக்குப் போனார். அங்கே கட்டத்தில் 'எதுவுமில்லை' என்று தெளிவாக இருந்தது. அதைப் படித்தார். குனிந்து, படுத்திருந்த பெண்ணின் தோளைத் தொட்டார்.

"ஏம்மா, உனக்கு எந்த மருந்தாச்சும் ஒத்துக்காம போயிருக்கா?"