ரயில் மாற வேண்டிய ஊர்

அலுவலகத்தில் அக்காவுக்கு வடிகட்டி என்று பெயர். முதலீட்டு நிறுவனம் ஒன்றில் புதிதாக ஆள் எடுக்கும் பிரிவு அவள் கையில் இருந்தது. மலைபோல் வந்து குவியும் விண்ணப்பங்களை அலசி, தேறுவதை மேலே அனுப்பி, மீதியை ஓரங்கட்டுவது வேலை. அப்படி ஒரு பட்டப்பெயர் உலவுவது அவளுக்கும் தெரியும். கோபித்துக்கொள்ளத்தான் தெம்பு இல்லை.

தெம்பெல்லாம் வீட்டில் கரைந்துகொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள். அக்கா அலுவலகம் விட்டுத் திரும்பும்போது அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நிற்பாள். அதற்கப்புறம் விடியும்வரை எல்லாமே அக்காதான். புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட வேண்டும். வெறும் தண்ணீர் கொடுத்தால் புரையேறும் என்பதால் அதில்கூட மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கரண்டியில் ஊட்ட வேண்டும். முழுசாக ஒரு ராத்திரி தூங்குவது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை காலை தங்கை வந்து இறங்கினாள். வேறொரு நகரத்தில் விடுதியில் தங்கி, தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். நிதியியல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். இரண்டு இடத்தில் கிடைத்திருந்தது. ஒன்று, பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காரும் பழைய பல்கலைக்கழகம். ஆனால் எங்கோ ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. இன்னொன்று, இதே நகரத்தில், வங்கிகள் வரிசைகட்டி நிற்கும் தெருவில், ஒரு கம்பளக் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் கல்லூரி. பெயரை இரண்டு தடவை சொன்னால்தான் கேட்பவருக்குப் பிடிபடும். மறுநாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அம்மா கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். பேச்சு குழறும், ஆனால் புத்தி கத்தி மாதிரி.

"பெரிய... பேரு," என்றாள், நல்ல கையை ஆட்டி.

"பார்த்தியா, அம்மாவே சொல்லியாச்சு!" என்றாள் தங்கை.

"அம்மா பக்கத்து வீட்டுல சொல்லிக்கிறதுக்குப் பேரு கேக்கறாங்க. உனக்கு வேலை வேணும்," என்றாள் அக்கா. "நான் இதே தொழில்ல இருக்கேன், கேளு. இங்க படிக்கிற பசங்க வகுப்பு முடிஞ்சதும் பொடிநடையா எங்க ஆபீஸுக்கு வந்துடுறாங்க. வாரத்துல ரெண்டு மத்தியானம் வேலை பார்க்கிறாங்க. மேனேஜருங்களுக்கு முகம் பழகிடுது. படிச்சு முடிக்கிறதுக்குள்ள பாதிப் பேருக்கு வேலை கிடைச்சுடுது. அந்த ஊருக்கு ஆள் எடுக்க யாரு போறா? நாங்களும் போறதில்லை, எங்க தெருவுல இருக்கிற எந்தக் கம்பெனியும் போறதில்லை."

"ஏன்?"

"ரயில் மாறணும். ஒரு ராத்திரி தங்கணும்."

"இவ்வளவுதானா?" தங்கை வாய்விட்டுச் சிரித்தாள்.

இவ்வளவேதான். பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஏதோ ஆழமான கணக்குப் போட்டு முடிவு செய்வதாக வெளியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கல்லூரிக்கு ஆள் எடுக்கப் போவது என்ற கூட்டத்தில் போடப்படும் ஒரே கணக்கு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியுமா என்பதுதான். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

மத்தியானம் அக்கா சமையலறையில் சூப்பில் மாவைக் கலந்துகொண்டிருந்தபோது தங்கை பின்னாலேயே வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"அம்மா நல்லா நடமாடிட்டு இருந்திருந்தா, அப்பவும் என்னை இங்கயே படின்னுதான் சொல்லியிருப்பியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கரண்டியைச் சுழற்றியிருக்கலாம். காலையில் அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் வாய் வரவில்லை.

"இல்லை," என்றாள். "சொல்லியிருக்க மாட்டேன்."

தங்கை சமையல் மேடையில் சாய்ந்துகொண்டாள். அக்காவே தொடர்ந்தாள்.

"முன்னாடியெல்லாம் எங்க ஆபீஸ்ல ஒரு பெரியவர் வருஷா வருஷம் அந்த ஊருக்குப் போவாரு. நல்ல நல்ல ஆளுங்களா புடிச்சுட்டு வருவாரு. அவர் ரிட்டயர் ஆனதும் அது என் தலையில வந்துச்சு. அப்பத்தான் அம்மா விழுந்தாங்க. ராத்திரி தங்க முடியாது, வேற யாரும் போறேன்னு சொல்லலை. அந்த ஊரே வேண்டாம்னு நானே பட்டியல்ல இருந்து அடிச்சுட்டேன். எங்களைப் பார்த்து மத்தவங்களும் ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. அம்மா நல்லா இருந்திருந்தா நான் அங்க போயிட்டு இருந்திருப்பேன். உன்னையும் அங்கதான் போகச் சொல்லியிருப்பேன்."

தங்கைக்கு விஷயம் உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "அப்போ அந்த யுனிவர்சிட்டிக்கு யாரும் ஆள் எடுக்க வராததுக்குக் காரணம்..."

"நம்ம வீட்டுக் கட்டில்தான்."

அக்கா அடுப்பை அணைத்தாள். ஆரம்பித்தாயிற்று, முழுசாகவே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "இன்னொண்ணும் இருக்குடி. நீ இங்க வந்தா ராத்திரிக்கு இன்னொரு ஆள் இருக்கும்னு நெனச்சேன். உனக்கு வேலை கிடைக்கும்னு நெனச்சது முதல்லயா, இது முதல்லயான்னு எனக்கே தெரியலை. எனக்கு ரொம்ப அசதியா இருக்கு."

மூன்று வருஷத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வரும் என்று பயந்தாள். அதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

தங்கை சண்டை பிடிக்கவில்லை. கிண்ணத்தை அக்கா கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் அம்மாவுக்கு ஊட்ட உட்கார்ந்தாள். அவசரக் கை. இரண்டாவது கரண்டிக்கே அம்மாவுக்குப் புரையேறியது.

"மோவாயைக் கீழே தாழ்த்தச் சொல்லு. முழுங்கினாங்களான்னு பார்த்துட்டு அடுத்த வாய் குடு," என்று அக்கா கதவருகில் நின்று சொன்னாள்.

மறுநாள் தங்கை யாரையும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து தட்டிவிட்டு மூடினாள். "இங்கயே படிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"எனக்காக வேண்டாம்டி."

"உனக்காக ஒண்ணும் இல்லை. வேலை விஷயத்துல நீ சொன்னது சரிதானே? ஆனா அடுத்த தடவை அந்த ஊருக்கு நீ போற. ராத்திரிக்கு நான் இருக்கேன். அங்க படிக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

அம்மா இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

தங்கை வந்து சேர்ந்தாள். பகலில் கம்பளக் கடை மாடி, ராத்திரியில் முறைவைத்து அம்மா. அக்காவின் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியிலிருந்த வங்கியில் வாரத்தில் இரண்டு மத்தியானம் வேலையும் கிடைத்தது. அக்கா சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. ஆனாலும் சில ராத்திரிகளில் புத்தகத்தின் மேலேயே தலைசாய்த்துத் தூங்கும் தங்கையைப் பார்க்கும்போது அக்கா, தன் அசதியில் பாதியை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வாள்.

அடுத்த கூட்டத்தில் வடிகட்டி அந்த ஊருக்குத் தானே போவதாகச் சொன்னபோது மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "ரயில் மாறணுமே?" என்றார். மாறிக்கொள்வதாகச் சொன்னாள்.

ஊர் போய்ச் சேர்ந்து, விடுதி அறையில் பையை வைத்துவிட்டுச் சற்று சாயலாம் என்று படுத்தவள், கண் விழித்தபோது திரைச்சீலையெல்லாம் வெளிச்சம். யாரும் கூப்பிடாத ஒரு காலை. எழுந்திருக்க மனமில்லாமல் வெகுநேரம் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தாள்.

பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்ட ஒரு மாணவி வந்தாள். தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கி நடுவில் தேய்ந்துபோன கல்படிகள். அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்கும் வாசகசாலை. வெளியே ஆற்றோரமாக ஒரு பேராசிரியர் மூன்று பிள்ளைகளோடு வட்டி விகிதம் பற்றிக் காரசாரமாக வாதாடியபடி, தூறல் விழுவதுகூடத் தெரியாமல் நடந்துபோனார். அந்த மூன்று பேரின் முகத்தையும் அக்கா பார்த்தாள். தங்கையின் முகம் சின்ன வயதில் அப்படித்தான் இருக்கும், யாராவது கஷ்டமான கணக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டால்.

கைப்பேசி அடித்தது. தங்கைதான்.

"அம்மா சாப்பிட்டாச்சு, புரையேறலை. நீ தூங்கினியா?"

"அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினேன்டி."

"சரி." பிறகு, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல, "அந்த இடம் எப்படி இருக்கு?" என்றாள்.

அக்கா ஆற்றைப் பார்த்தாள். அந்தப் படிகளைப் பார்த்தாள்.

"சுமார்தான்," என்றாள். "எல்லாம் பழைய கட்டடம், சுவரெல்லாம் ஈரம். பசங்களும் தூங்கி வழியுறாங்க. நீ வந்திருந்தா ஒரே மாசத்துல ஓடி வந்திருப்பே."



"அப்பாடா," என்றாள் தங்கை.