ஒரே நடையில் முடித்துவிடலாம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வங்காளத்தில், பெஹாலாவில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டுக்குத் தரை போட, போன ஆடி மாதம் முன்னூறு சதுர அடி பளிங்குக்கல் வாங்கினேன். அதை ஏற்றிவந்த சின்ன வண்டி வழியில் சாய்ந்தது. கௌர் என்ற ஐம்பத்திரண்டு வயது மனிதர் கல்லுக்கு அடியில் செத்துப்போனார். வண்டியை ஓட்டிய அவருடைய தம்பி நிமாய்க்கு இடது கால் நொறுங்கியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகாதவன்தான் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எட்டு மாதத்தில் ஆறு தொடக்கங்கள். இரண்டை மட்டும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

‘மழை வருமுன் கல்லை வீடு சேர்த்துவிட வேண்டும் என்று எல்லோருமே அவசரப்பட்ட அந்தக் காலையில்—’

(பொய். அன்று மழைக்கான அறிகுறியே இல்லை. தவிர, பளிங்கு நனைந்தால்தான் என்ன? யாரும் அவசரப்படவும் இல்லை, ஒருவனைத் தவிர.)

‘விதி ஒரு சின்ன வண்டியில் ஏறி டாலிகஞ்சிலிருந்து புறப்பட்டது—’

(விதி எந்த வண்டியிலும் ஏறவில்லை. ஏறியது கல். ஒன்றரை டன்.)

ஊரில் குட்டியானை என்கிறோமே, அந்த வண்டிதான். இங்கேயும் அதே பெயர், சோட்டோ ஹாத்தி. முக்கால் டன்னுக்குமேல் அதில் ஏற்றக் கூடாது. இதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டதாக ஒரு பிரதியில் எழுதியிருக்கிறேன். அதுவும் பொய். வண்டியின் பக்கவாட்டிலேயே எழுதியிருந்தது. நான் படித்தேன்.

2

நிமாயை எழுதுவது சுலபமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. திருப்பிப் பார்த்தால், அவரைக் குடிகாரராக்கி வைத்திருந்தேன். காலை ஒன்பதரை மணிக்கு வாயில் வாடை, சிவந்த கண், நடுங்கும் விரல்கள். நிஜ நிமாய் பீடிகூடப் பிடிக்காதவர். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில்தான் இருப்பும் சாப்பாடும். அவர் குடித்திருந்தால் எனக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.

கௌரை எழுத முடியவில்லை. அவரை நான் பார்த்ததே ஒரு மணி நேரம்தான். மற்றதெல்லாம் பிறகு நிமாய் சொன்னது. டாலிகஞ்ச் சினிமா ஸ்டூடியோக்களில் இருபது வருஷம் விளக்குத் தூக்கியவர். நடிப்பவர் முகத்தில் நிழல் ஆடாமலிருக்க, கையில் விளக்கோடு அசையாமல் நிற்பாராம். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டமாட்டாராம். அந்த வேலை குறைந்ததும் தம்பி வண்டி வாங்கினார். அண்ணன் கூடவே ஏறிக்கொண்டார். கண்ணாடி, பீரோ, கல் எது ஏற்றினாலும் பின்னால் நின்று பிடித்துக்கொள்வது அவர் வேலை.

(‘அவர் சிரித்தால் கன்னத்தில்—’ என்று ஒரு வாக்கியம் தொடங்கியிருந்தேன். கன்னத்தில் என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அப்படியே விட்டுவிடுகிறேன்.)

3

முழுதாக எழுதி முடித்த முதல் பிரதியில், கல் கடைக்கு ஒரு மேனேஜரைப் படைத்திருந்தேன். தடித்த கழுத்து, மூன்று மோதிரம். ‘எல்லாத்தையும் ஏத்து’ என்று அதட்டுவது அவர்தான். என் மனைவி சாவித்ரியிடம் படிக்கக் கொடுத்தேன். அன்றைக்கு அவளும் கல் கடைக்கு வந்திருந்தாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை மெதுவாகத்தான் படிப்பாள். முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“ஏன்னா, இந்தக் கதைல நீங்க எங்க இருக்கேள்?”

“நான்தானே கதையே சொல்றேன்.”

“சொல்றவர் இருக்கட்டும். அன்னிக்கு அங்க கையைக் கட்டிண்டு நின்னுண்டிருந்தாரே ஒருத்தர், அவரைக் காணுமே.”

இரண்டாம் பிரதியில் மேனேஜரை எடுத்துவிட்டு அந்த வார்த்தையை நிமாய் வாயிலேயே போட்டேன். ‘கவலைப்படாதீங்க, எல்லாம் தாங்கும்’ என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வதாக. சாவித்ரி பாதி வரை படித்தாள். தாள்களை மடித்து என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

4

சரி. நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

பாதிக் கல் ஏற்றியானதும் நிமாய் வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைந்திருக்கும் பட்டைகள் அப்போதே தட்டையாகிவிட்டிருந்தன.

(பேசியது வங்காளத்தில். என் வங்காளம் முப்பது வருஷம் பேங்க் கவுண்டரில் கற்றது. அதிகாரம் செய்ய மட்டும் போதும்.)

“காக்கு, இதோட போதும்” என்றார். என் வயதுக்காரர்களை அவர் சித்தப்பா முறை வைத்துத்தான் கூப்பிடுவார். “மீதிய ரெண்டாவது நடைல எடுத்துக்கலாம்.”

“எத்தனை மணி ஆகும்?”

“ஒரு மணிக்குள்ள முடிச்சுடுவேன்.”

“ஒரே நடையில முடிச்சுடலாமே. மெதுவாப் போங்க.”

“மெதுவாப் போனா பாரம் குறையுமா காக்கு? வழியில பாலம் இருக்கு, இறக்கத்துல பிரேக் பிடிக்காது.”

இந்த இடத்தில் இரண்டு முறை எழுதி நிறுத்தியிருக்கிறேன். ஒரு முறை, நான் கெஞ்சியதாக எழுதினேன். இன்னொரு முறை, யோசித்ததாக. கெஞ்சவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. நான் சொன்னது இதுதான்:

“உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க. வேற வண்டியக் கூப்பிட்டுக்கறேன்.”

நிமாய் அண்ணனைப் பார்த்தார். அவர்களுக்கு அந்த வாரம் கிடைத்த முதல் சவாரி அது என்று அப்போது எனக்குத் தெரியாது. (தெரிந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேனா? இந்த அடைப்புக்குறிக்குள் ஒரு பதில் எழுதி அடித்துவிட்டேன்.) கௌர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

“ஏத்துடா. நான் பின்னால நின்னு பிடிச்சுக்கறேன்.”

சாவித்ரி என் பக்கம் வந்து தமிழில் மெதுவாகச் சொன்னாள். “ரெண்டு தடவையா வரட்டுமே. நமக்கென்ன அவசரம்?”

அவசரம் எதுவும் இல்லை. கொத்தனார் மறுநாள்தான் வருவதாக இருந்தது. பதினொரு மணிக்குள் கல்லை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு மனிதன் சாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைக் கதைக்குள் கொண்டுவர எவ்வளவோ முயன்றேன். கிடைக்கவில்லை.

5

நாங்கள் ஆட்டோவில் பின்னாலேயே போனோம். நிற்க வைத்துக் கட்டியிருந்த கற்களின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, கால்களை அகட்டிக்கொண்டு கௌர் நின்றிருந்தார். பாலம் ஏறும்போது வண்டி முனகியது. அவர் ஒரு தடவை திரும்பி, ஆட்டோவைத் தள்ளி வரச் சொல்லிக் கை காட்டினார். எங்களுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று.

இறக்கத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. வண்டி நிற்கவில்லை. நிமாய் இடது பக்கம் ஒடித்தார். சைக்கிள்காரர் பிழைத்தார். இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியது, கற்கள் ஒரே பக்கமாகச் சரிந்தன, கயிறு அறுந்த சத்தம் ஆட்டோ வரைக்கும் கேட்டது. குதிக்க கௌருக்கு நேரம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அவர் குதிக்கவில்லை. கற்களை எதிர்த்துத் தள்ளினார்.

(இங்கே அவருடைய ஸ்டூடியோ விளக்கைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். நல்ல வரி. அடித்துவிட்டேன். அந்தச் சாவுக்கு என் கையால் ஓர் அழகு வேண்டாம்.)

6

போலீஸ்காரர் கேட்டார், “இவ்வளவு ஏற்றச் சொன்னது யார்?”

“டிரைவர்தான் ஏற்றினார். எனக்கு எடையெல்லாம் தெரியாது.”

அவர் எழுதிக் காட்டியதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஐப்பசியில் நிமாயைப் பார்க்கப் போனேன். ஹரிதேவ்பூர் பக்கம் ஒரு சந்தில் இரண்டு அறை வீடு. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“காக்கு, உங்க கல்லெல்லாம் போச்சே” என்றார்.

தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“முடியாதுன்னு சொல்லியிருக்கணும் நான். வண்டி என்னோடது. ஸ்டியரிங் என் கையில.” குரலைத் தாழ்த்தினார். “பௌதி எங்கூடப் பேசறதில்ல.”

பௌதி என்றால் அண்ணி. கௌரின் மனைவி லக்ஷ்மி. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து உள்ளறை வாசற்படியில் வைப்பாராம், கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவாராம். மூன்று மாதமாக ஒரு வார்த்தை இல்லை. பத்தொன்பது வயதில் அந்த வீட்டுக்கு வந்து, கொழுந்தனுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவர்.

கிளம்பும்போது லக்ஷ்மி சந்து முனை வரைக்கும் என் பின்னாலேயே வந்தார்.

“நீங்க அங்க இருந்தீங்க. போலீஸ் தாள்ல போட்டிருக்கறது நிஜமா? நிமாயா அவ்வளவு ஏத்தினான்?”

“எனக்குச் சரியா ஞாபகம் இல்லம்மா.”

தலையை ஆட்டிக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அந்த வீட்டுக் கதவு மூடும் சத்தம் கேட்கும் வரை அங்கேயே நின்றேன். பிறகு பஸ் பிடித்தேன்.

7

முடிவுகள்.

ஒன்று: நிமாய் குணமாகி மறுபடியும் வண்டி ஓட்டுகிறார். (முழங்கால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.)

இரண்டு: குற்ற உணர்ச்சியில் நான் படுத்த படுக்கையாகிறேன். (அதிலும் நானே கதாநாயகன். தவிர, எனக்கு நன்றாகப் பசிக்கிறது.)

மூன்று: லக்ஷ்மி உண்மையைத் தானாகவே—

இந்த மூன்றையும் படித்துவிட்டு சாவித்ரி கேட்டாள்.

“இதை யார் படிப்பா?”

“பத்திரிகைக்கு அனுப்பலாம்னு இருக்கேன்.”

“லக்ஷ்மிக்குத் தமிழ் தெரியுமா?”

தாள்களை அடுக்கி வைத்தேன்.

“அவாளுக்குத் தெரியாத பாஷைல எழுதிட்டு, சொல்லிட்டோம்னு நிம்மதியா இருக்கப் பாக்கறேள். எழுந்திருங்கோ. நானும் வரேன்.”

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. லக்ஷ்மி தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளறைக் கதவு திறந்திருந்தது; கட்டிலும் ஊன்றுகோலும் தெரிந்தன. நான் உட்காரவில்லை. எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னேன். நிமாய் இரண்டு நடை என்றார். பிரேக் பிடிக்காது என்றார். நான்தான் ஒரே நடை என்றேன். வேறு வண்டியைக் கூப்பிடுவேன் என்றேன். போலீஸிடம் சொன்னது பொய். உங்களிடம் ஞாபகம் இல்லை என்றதும் பொய். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போய் மாற்றி எழுதிக் கொடுப்பேன்.

(திங்கட்கிழமை போனேன், கொடுத்தேன். அதைப் பெருமையாக நினைக்க ஒன்றுமில்லை.)

“காக்கு, போதும், விடுங்க” என்று உள்ளேயிருந்து நிமாயின் குரல் வந்தது.

லக்ஷ்மி கடைசி வரைக்கும் கேட்டார். என் முகத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. அரிவாள்மணையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். கையைக் கழுவிக்கொண்டு, உள்ளறை வாசலில் போய் நின்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

“நிமாய்” என்று கூப்பிட்டார்.

சாவித்ரி என் கையைத் தொட்டாள். நாங்கள் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். சந்து குறுகல், உள்ளே பேசுவது வெளியே கேட்கும். லக்ஷ்மி அடுத்து என்ன சொன்னார் என்பது என் காதில் விழுந்தது. அதற்கு நிமாய் சொன்னதும் விழுந்தது.

அதை எழுதமாட்டேன். என் வார்த்தையை யார் யார் வாயிலோ போட்டுப் பார்த்தவன் நான்; அவர்கள் வாயிலிருந்து வந்ததை எடுத்து என் கதையை முடித்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அது அழுகையாக இருக்கலாம், வசையாக இருக்கலாம், சாப்பிட்டாயா என்ற கேள்வியாகவும் இருக்கலாம். அந்த அறையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்னை மன்னித்து மட்டும் முடித்துவிடாதீர்கள்.