துண்டில் வந்த கடல்

மதுக்கரையில் பிறந்தவன் கடலைத் தேடும் வேலைக்கு வந்ததே ஒரு வேடிக்கை. எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெந்து வெந்து, ஓர் உயிரின் தடம்கூட மிஞ்சாதது, சிமெண்டுக்குத்தான் லாயக்கு. அதனால் அரியலூர்ப் பாறையை மூட்டை கட்டி வந்து, ஊறவைத்து, சல்லடையில் அலசி, மிஞ்சிய மணலை மைக்ராஸ்கோப்பின் கீழே பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் பழங்கடல் நுண்ணுயிர்களின் ஓடுகளைப் பொறுக்குகிறேன். எந்த ஓடு எங்கெங்கே கிடைக்கிறது என்று பார்த்தால், மடகாஸ்கர் நமக்குப் பக்கத்து வீடாக இருந்த காலத்தில் கடல் எந்த வழியாக உள்ளே வந்தது என்று வரைந்துவிடலாம். ஓமனில், சலாலாவில் நர்ஸாக இருக்கும் என் மனைவி ஜாஹிதா எப்போது வருவாள் என்பதற்கு மட்டும் வரைபடம் கிடையாது.

போன வாரம், அரியலூரில் யாரும் பார்த்திராத ஓர் ஓடு கிடைத்தது. கண்ணாடி மாதிரி மினுங்கியது. உடனே அவளைக் கூப்பிட்டு, "உன் பேரையே வெக்கப்போறேன்" என்று அளந்துவிட்டேன்.

இன்று காலை, உடன் வேலை பார்க்கும் பொற்கொடி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க உவைஸ், டைனோசர் காலத்து ஓடு இப்படியா மினுக்கும்? உள்ள கல்லு அடைஞ்சு மங்கியிருக்க வேண்டாமுங்களா? இது நேத்து செத்ததுங்க. சல்லடைய எது மேல காய வெச்சீங்க?"

துண்டின் மேல். ஜாஹிதா சலாலா கடற்கரையில் விரித்து உட்கார்ந்த துண்டு. லீவில் வந்தபோது விட்டுப்போனது. அவள் தலை எண்ணெய் வாசம் போய்விடுமே என்று துவைக்கவில்லை. அதில்தான் சோற்றுப் பாத்திரத்தைச் சுற்றி ஆய்வகத்துக்கே கொண்டுவருவேன். பெரிய விஞ்ஞானி! எல்லாவற்றையும் பொற்கொடியிடம் ஒப்புக்கொண்டேன்.

"அந்த வாசத்துக்கும் ஒரு பேரு வெச்சுப்போடுங்க" என்று சிரித்தபடி பொற்கொடி டீ குடிக்கப் போனாள்.

வீசிவிடலாம் என்று தூரிகை நுனியால் அந்த ஓட்டை எடுத்தபோது ஜாஹிதா கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன். நைட் டூட்டி முடிந்து கடற்கரையோரம் நடந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நான் கொண்டாந்த மண்ணுங்களா அது?" விழுந்து விழுந்து சிரித்தாள். "என் பேரு சரியாத்தானுங்க வெச்சிருக்கீங்க."

சிரிப்பு நின்றது.

"ஏனுங்க... ஆஸ்பத்திரில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்கறாங்க. இன்னிக்கே சொல்லோணும். போடட்டுங்களா?"

தூரிகையின் ஈரம் காய்ந்துவிட்டால், ஓடு பறக்க மூச்சுக்காற்றே போதும். அதனால் வாயைத் திறக்கக் கூடாது. இந்தச் சாக்கில் எத்தனையோ கேள்விகளிலிருந்து தப்பியிருக்கிறேன். தூரிகை நுனியில் அவள் கரையின் ஒரு துளி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இருக்கறீங்களா?"

"வந்துரு கண்ணு" என்றேன்.

ஓடு பறந்தது. எங்கே விழுந்ததென்று நான் தேடவில்லை. ஃபோனில் அந்தப் பக்கம் ஓர் அலை வந்து, மணலை இழுத்துக்கொண்டு திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது.