நன்றாக விழுந்த படம்

தனபாலன் ஈப்போவிலிருந்து மதுரைக்குப் படிக்க வந்தவன். மலேசியாவில் இடம் கிடைக்காத தமிழ்ப் பிள்ளைகள் அந்த நாளில் கப்பலேறி இங்கே வருவது வழக்கம். கல்லூரியில் செமஸ்டர் முறை புகுந்த முதல் வருஷம் அது. எந்தப் பரீட்சை எப்போது என்று வாத்தியார்களுக்கே பிடிபடவில்லை. ஹாஸ்டலில் அந்தக் குழப்பம் ஒன்றும் கிடையாது. வந்த அன்றே அவனுக்கு ‘மலேசியா’ என்று பெயர் வைத்து, அவன் கொண்டுவந்த சோப்பு, செண்ட், பனியன் எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மிஞ்சியது ஒரு ஜப்பான் கேமரா.

ஈப்போவிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பலாம் என்று முதல் வாரத்திலேயே வகுப்பைப் படம் எடுத்தான். பெண்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பியதும் ஆளாளுக்கு நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். சாவித்ரி மட்டும், பக்கத்துப் பெண் சொன்ன எதற்கோ சிரித்தபடி நிமிர்ந்தாள். படம் விழுந்துவிட்டது.

காளவாசல் ஸ்டுடியோவில் கழுவி வாங்கியவற்றை அறைக்கூட்டாளி நல்லகாமனிடம் ஆசையாகக் காட்டினான். நல்லகாமன் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஒன்று குறைந்ததைத் தனபாலன் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் சாவித்ரியின் படமும் அவனுடைய பாஸ்போர்ட் படமும் ஒரே அட்டையில் ஒட்டியிருந்தன. அட்டையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. ‘சுற்றமும் நட்பும் சூழ வருக’ என்று கீழே அழகான கையெழுத்து.

“மலேசியா மாப்ள, பந்தி எப்ப?” என்றான் நல்லகாமன்.

“பொண்ணு ஐயர் வீடுடா. கோழிக்கு வழியில்ல. தயிர்சாதம் எம்புட்டு வேணும்னாலும் உண்டு” என்றான் அடுத்த அறைப் பேயாண்டி.

வராந்தா முழுக்கச் சிரிப்பு. தனபாலன் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அன்று மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் சாவித்ரி முதன்முதலாக அவனிடம் பேசினாள். அவன் முகத்தைப் பார்க்காமல், டம்ளரைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

“எங்காத்துல தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவா. ஒரு பேச்சு வந்தாலும் அன்னியோட சரின்னு அப்பா சொல்லித்தான் அனுப்பினார். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். பேசாம இருங்கோ, அது போதும்.”

பேசாமல் இருக்க அவனுக்கு வரவில்லை. அவன் வளர்ந்த தெருவில், தப்புச் செய்தவன் பழத்தட்டோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டால் விஷயம் அதோடு தீர்ந்துவிடும். நல்லகாமனும் ஏற்றிவிட்டான்.

“அவங்கப்பா கால்ல விழுந்துரு மாப்ள. பெரிய மனுசன், உருகிருவாரு. வீட்டு அட்ரஸ நான் வாங்கித் தாரேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் அட்டையிலிருந்து உரித்த படமும் நெகட்டிவுமாகத் தனபாலன் பழங்காநத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான்.

சாவித்ரியின் அப்பா சுப்பராமன் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் சூப்பரின்டென்ட். அவர் கத்தவில்லை. நாற்காலி போட்டார். காலில் விழப்போனவனைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மஞ்சள் தடவிய அட்டை வரைக்கும் முழுவதையும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நடுநடுவே “அப்புறம்?” என்று மட்டும் எடுத்துக் கொடுத்தார். உள்கதவு நிலையைப் பிடித்திருந்த சாவித்ரியின் விரல்கள் தெரிந்தன.

“அவங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க. எல்லாம் என்னாலதான்” என்று தனபாலன் முடித்தான்.

சுப்பராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“பட்டு, இங்க வா” என்று மனைவியைக் கூப்பிட்டார். “எவ்வளவு நன்னா விழுந்திருக்கு பாரேன். ஸ்டுடியோவுக்கு அழைச்சுண்டு போனா மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பா. திண்டுக்கல் பிள்ளையாத்துக்காரா எத்தனை தரம் போட்டோ கேட்டுட்டா! பொண்ணு படிக்கறாளேன்னு நான்தான் தள்ளிப் போட்டுண்டே இருந்தேன்.”

பட்டு படத்தை வாங்கி முந்தானையால் துடைத்தாள்.

“நெகட்டிவும் இருக்கா? பேஷ். இன்னும் ரெண்டு காப்பி போட்டுக்கலாம்” என்றார் சுப்பராமன்.

தனபாலனுக்கு மூச்சு வந்தது. மன்னித்துவிட்டார் என்றே நினைத்தான்.

“அப்போ அவங்க நாளைக்குக் காலேஜுக்கு...”

“காலேஜா? போர்டுல ஒட்டற அளவுக்குப் படிச்சாச்சே, அதுக்கு மேல என்ன இருக்கு?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “சாவித்ரி! லைப்ரரி புஸ்தகத்தையெல்லாம் எடுத்துண்டு வா. சார் அங்கதானே போறார், திருப்பிக் கொடுத்துடுவார். உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?”

அவள் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். அட்டை போட்டு, மூலை மடங்காமல் வைத்திருந்த புத்தகங்கள். அவள் அழவில்லை.

“கெமிஸ்ட்ரிக்கு நாளைக்குக் கடைசி நாள்” என்றாள்.

“சாருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லு.”

“தேங்க்ஸ்” என்றாள் சாவித்ரி.

ஹாஸ்டல் வாசலில் நல்லகாமன் காத்துக்கொண்டிருந்தான். மார்போடு அணைத்த புத்தகங்களைக் கண்டதும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான்.

“டேய் பேயாண்டி, ஓடியாடா! மாப்பிள்ளைக்குச் சீர் குடுத்து அனுப்பியிருக்காங்க!”

அறை அறையாகக் கதவு திறந்தது. சிரிப்பு ஓயும்வரை தனபாலன் நின்றான்.

“அவங்க படிப்ப நிறுத்திட்டாங்க” என்றான்.



“அப்ப ஒரு சீட்டு காலின்னு சொல்லு” என்றான் பேயாண்டி. “எங்க மாமா மக எடம் கெடைக்காம வீட்ல கெடக்கா. காலையில மொத ஆளாப் போயி பிரின்ஸ்பாலப் பாத்துருவோம்.”

சொன்னவன் நிற்கவில்லை. கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை உருவிக்கொண்டு இஸ்திரிக் கடைக்குக் கிளம்பினான்.