தூணில் ஐந்து டேப்

நான் இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நாற்பது பெண்கள் என்னை அப்படித்தான் நம்பினார்கள். நம்பும்படி நடந்துகொண்டதும் நான்தான்.

நான் ஆடிட்டர். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்குவதற்கு முன்னால், வாங்குகிறவர் சார்பில் போய் எல்லாவற்றையும் துருவிப் பார்ப்பது என் வேலை. டியூ டிலிஜென்ஸ் என்று அதற்குப் பெரிய பெயர். வீடு வாங்குகிறவர் குழாயைத் திறந்து பார்ப்பார், அலமாரிக்குப் பின்னால் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார் இல்லையா, அதேதான். எனக்கு ஏற்ற தொழில். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்கியதும் திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். என் வீட்டுக்காரர் கீழே நின்று சிரித்துக்கொண்டே காத்திருப்பார். “உன் வியாதிக்கு மாசாமாசம் சம்பளம் வேற குடுக்கறாங்க பாரு,” என்பார்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கம்பெனி விற்பனைக்கு வந்திருக்கிற செய்தி வெளியே கசியக் கூடாது. கசிந்தால் நல்ல ஆட்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், வாடிக்கையாளர்கள் நழுவுவார்கள், கடைசியில் வாங்குவதற்கு நாலு சுவர்தான் மிஞ்சும். அதனால் முதலாளிகள் எங்களைப் பற்றித் தங்கள் ஆட்களிடம் ஏதாவது கதை விடுவார்கள். இந்த முதலாளி விட்ட கதை: “இன்சூரன்ஸ்லேருந்து ஒரு மேடம் வருவாங்க. கேக்கறதெல்லாம் காட்டுங்க.”

எங்கள் பார்ட்னரும் அதற்குத் தலையாட்டினார். எதற்கெடுத்தாலும் ‘பதறாதீங்க’ என்பதால் ஆபீசில் அவருக்குப் ‘பதறாதே சார்’ என்று பெயர். “நீங்க பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருங்க, அவங்களே நினைச்சுப்பாங்க,” என்றார். இந்த வேலையை நல்லபடியாக முடித்தால் அடுத்த மாதம் என்னையும் பார்ட்னராக்குவதாகப் பேச்சு. பதினேழு வருடமாக நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த பேச்சு. ஆபீஸ் வாசல் பலகையில் என் பெயருக்கு இடம்கூட விட்டுவைத்திருந்தார்கள்.

முதல் நாள் தொழிற்சாலைக்குப் போனேன். கையில் இருநூற்றுப் பதினாலு கேள்விகள் கொண்ட பட்டியல். இயந்திரங்கள் யார் பெயரில் இருக்கின்றன, வழக்கு ஏதாவது உண்டா, வாடிக்கையாளர் ஒப்பந்தம் எப்போது முடிகிறது. கட்டிடத்தைப் பற்றி இரண்டே கேள்வி. பத்திரம் இருக்கிறதா, வரி கட்டியிருக்கிறதா. தூண் நிற்கிறதா என்று பட்டியல் கேட்கவில்லை.

அதைக் காட்டியது பேக்கிங் அக்கா. மடித்த பெட்டிகளைக் கட்டி அடுக்குகிற கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். நான் கூடத்துக்குள் கால் வைத்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

“வாங்க மேடம். நீங்க வருவீங்கன்னு எத்தன நாளா பாத்துட்டிருக்கோம் தெரியுமா?”

கூடத்தின் கிழக்கு மூலையில் ஒரு தூண். அதற்கு நேர் மேலே, கூரையில், தொழிற்சாலைக்கே தண்ணீர் கொடுக்கிற பெரிய தொட்டி. தூணில் சிமெண்ட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. இடுப்பு உயரத்திலிருந்து ஒரு விரிசல் கோணலாக மேலே போனது. விரிசலுக்குக் குறுக்கே, பெட்டி ஒட்டுகிற காகித டேப் ஐந்து துண்டு, ஒன்றன் மேல் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் பேனாவால் தேதி. கீழே இருந்த நான்கும் நடுவில் கிழிந்திருந்தன. ஐந்தாவது முழுசாக இருந்தது.

“விரிசல் பெருசாகுதான்னு பாக்க நானே ஒட்டினேன் மேடம். கிழிஞ்சா அன்னிக்கே புதுசு ஒட்டிடுவேன். முதலாளிகிட்ட சொன்னா, பழைய கட்டடம் அப்படித்தான் இருக்கும்ங்கறாரு.” அக்கா குரலைத் தாழ்த்தினார். “அதான் இந்த மூலைல யாரையும் உக்கார விடறதில்ல. மேசையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளிட்டேன்.”

எனக்கு விரிசலைப் பற்றி ஒன்றும் தெரியாது. தேதிகளைப் பற்றித் தெரியும். கை தானாகவே நோட்டில் எழுதியது. முதல் டேப் கிழிய நூற்று முப்பது நாள். இரண்டாவது எழுபத்தொன்று. மூன்றாவது முப்பத்தெட்டு. நான்காவது பத்தொன்பது. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய பாதி. ஐந்தாவதுக்கு ஒன்பது அல்லது பத்து நாள் என்று வந்தது. அதை ஒட்டி ஆறு நாள் ஆகியிருந்தது.

“நோட் பண்ணிக்கிட்டேன்கா,” என்று மட்டும் சொன்னேன். அக்கா முகம் மலர்ந்துவிட்டது.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து பதறாதே சாரைக் கூப்பிட்டேன். அவர் நான் எதிர்பார்த்ததைவிடச் சந்தோஷப்பட்டார்.

“பிரமாதம்! இப்ப யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. இப்ப சொன்னா அந்த ஆளு நாலு சட்டி சிமெண்ட் பூசி, சரி பண்ணிட்டேன்னு நிப்பாரு. கையெழுத்துப் போடற அன்னிக்கு மேசைல எடுத்து வைப்போம். விலை தானா இறங்கும்.”

“கையெழுத்துக்கு இன்னும் பதினாலு நாள் இருக்கு சார்.”

“இத்தன வருஷம் நின்ன தூணு பதினாலு நாள் நிக்காதா?”

“டேப் கிழியற நாள் குறைஞ்சுக்கிட்டே வருது சார். நான் கணக்குப் போட்டுப் பாத்தேன்.”

“பதறாதீங்க. நீங்க இன்ஜினியரா? ஆடிட்டரா? ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க, அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் என்னைப் போட்டு வாட்டியது. நான் இன்ஜினியர் இல்லை. கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வாங்குகிறவர் சார்பில் பார்த்ததை வாங்குகிறவருக்குத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த இரண்டு நாள் ஆபீசில் உட்கார்ந்து ஒப்பந்தங்களைப் படித்தேன். படித்தேன் என்பது பேச்சுக்கு. ஒரே பக்கத்தை நாலு முறை புரட்டினேன். மனசு முழுக்க ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை மழை பிடித்துக்கொண்டது. சமையலறையில் நின்று ஜன்னலையும் கேஸ் அடுப்பின் குமிழையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருக்கும் என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

“ஏங்க, ஒரு தூண் இருக்குன்னு வெச்சுக்குங்க,” என்றேன்.

“யார் வீட்டுத் தூண்?”

“யார் வீடும் இல்ல. சும்மா ஒரு தூண். விழுந்தாலும் விழலாம், விழாமலும் போகலாம். அது உங்களுக்குத் தெரியும். ஆனா சொல்லக் கூடாது.”

“அடியில யாராவது இருக்காங்களா?”

“இல்ல. தள்ளித்தான் உக்காந்திருக்காங்க.”

“அப்புறம் எதுக்கு அஞ்சாவது தடவையா கேஸை மூடிட்டியான்னு பாத்துட்டிருக்க?” என்றார். அவர் குடையை எடுத்து என் கையில் கொடுத்தார். “இன்னிக்கு எங்க போகணும்?”

“அங்கதான்,” என்றேன்.

அன்று சரக்கு இருப்பை நேரில் பார்க்க வேண்டிய நாள். டேப்பின் ஒன்பதாம் நாள். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கிடங்குக்குப் போகாமல் நேரே பேக்கிங் கூடத்துக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மேசைகள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. கிழக்கு மூலை முழுக்கப் பெண்கள். ஒருத்தி தூணிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா! என்ன இது?”

“அவசர ஆர்டர் மேடம், இடம் பத்தல,” என்றார் அக்கா சிரித்த முகமாக. “நான்தான் தைரியம் சொன்னேன். இன்சூரன்ஸ் மேடமே வந்து பாத்து எழுதிக்கிட்டுப் போயிருக்காங்க, ஆபத்துன்னா சொல்லாமலா போவாங்கன்னு. ஆனா மேடம், டேப்பு காலைல பாத்தா பாதி கிழிஞ்சிருக்கு. சரி, நீங்கதான் ரிப்போர்ட் போட்டுட்டீங்களே, வந்து பாப்பாங்கன்னு விட்டுட்டேன்.”

நான் வராமலே இருந்திருந்தால் அந்த மூலை காலியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. “எல்லாரும் எழுந்திருங்க! வெளிய போங்க! பெட்டிய விடுங்க, மொதல்ல போங்க!” என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. ஒரு அட்டையைக் கிழித்து, மை பேனாவை வாங்கி, கொட்டை எழுத்தில் எழுதினேன். ‘இந்தக் கூடத்தில் யாரும் வேலை செய்யக் கூடாது. மேல் தொட்டியை உடனே காலி செய்யவும்.’ கீழே கையெழுத்தைப் போட்டேன். அக்கா அதை வாங்கிக் கதவில் அவருடைய டேப்பாலேயே ஒட்டினார்.

நாற்பது பேரும் அட்டைகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். முதலாளி செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

“மேடம், இது உங்க வேலை இல்ல,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

“இன்சூரன்ஸ் மேடத்துக்கு வேற என்ன சார் வேலை?” என்றார் அக்கா.

நான் இன்சூரன்ஸ் இல்லை என்று முதலாளி சொன்னால், யார் என்றும் சொல்ல வேண்டும். அவர் விட்ட கதையிலேயே அவர் மாட்டிக்கொண்டு விழித்தார். அத்தனை பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் அவரே தொட்டியைத் திறந்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கதவில் இருந்த அட்டையைக் கேஷியர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டே போய், திரும்பப் படித்தார்.

“கையெழுத்துக்குக் கீழ ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கே. இது ஆடிட்டருங்க போடற நம்பராச்சே?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் சங்கம் கொடுத்த உறுப்பினர் எண். அது இல்லாத கையெழுத்து எங்கள் தொழிலில் செல்லாது. பதினேழு வருடமாகக் கையெழுத்து என்றால் அதன் கீழே அந்த எண். கூரியர்காரர் நீட்டுகிற தாளில்கூடப் போட்டுவிட்டு அசடு வழிந்திருக்கிறேன். இப்போதும் கை தன்பாட்டுக்குப் போட்டுவிட்டது.

கேஷியர் முதலாளி பக்கம் திரும்பினார். “ஆடிட்டர் எதுக்கு வேஷம் போட்டு வரணும்? கம்பெனிய விக்கிறீங்களா சார்?”

மழைச் சத்தத்திலும் அது முற்றம் முழுக்கக் கேட்டது. அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் பதறாதே சார் முதல் முறையாகப் பதறினார். “உங்கள யாரு இன்ஸ்பெக்டராக்கினது?” என்று மேசையைத் தட்டினார்.

“நீங்கதான் சார்,” என்றேன். அன்றோடு எனக்கு அந்த ஆபீசில் வேலை இல்லை. வாங்க வந்தவர்களும் விலகிக்கொண்டார்கள். வந்து பார்த்த இன்ஜினியர், அந்தத் தூண் இரண்டு வருடமும் நின்றிருக்கலாம், இரண்டு நாளும் நிற்காமல் போயிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அது போதவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து, அவசரப்பட்டுவிட்டேனோ, நாற்பது பேர் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று என்னையே அரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மதியம் போன் வந்தது. தெரியாத எண்.

“நான்தான் பேக்கிங் அக்கா. கேஷியர்கிட்ட நம்பர் வாங்கினேன்.” அந்தக் குரலில் பழைய சிரிப்பு இல்லை. “ரெண்டு பெரிய பார்ட்டி ஆர்டரை நிறுத்திட்டாங்க. பதினெட்டு பேருக்கு வேலை போச்சு. நானும் ஒருத்தி.”

“தெரியாதுக்கா. நான்...”

“நீங்க இன்சூரன்ஸ் இல்லவே இல்லயாமே?”

“இல்லக்கா.”

“மொத நாள் உங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேனே. அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கணும்கா.”

“அப்போ அந்த அட்டைல போட்ட கையெழுத்து?”

“அது என்னோடதுதான்.”

போனில் அக்காவுக்குப் பின்னால் பஸ் போகிற சத்தம் கேட்டது.

“தொட்டிய காலி பண்ணின மறுநாள் போய்ப் பாத்தேன். டேப்பு முழுசா கிழிஞ்சு தொங்குச்சு. பழக்கதோஷம், புதுசு ஒண்ணு ஒட்டிட்டு வந்தேன். இன்னிக்குக் கணக்கு முடிக்கப் போனப்போ கூடத்துக்குள்ள எட்டிப் பாத்தேன். தொட்டி இன்னும் காலியாத்தான் இருக்கு. டேப்பு கிழியவே இல்ல.”

“ஒட்டி எத்தன நாள் ஆச்சுக்கா?”

“இருபத்தாறு,” என்றார் அக்கா. “எண்ணிட்டுத்தான் உங்களுக்குப் போன் போட்டேன்.”