ஊசிப் படிகம்

அவளைக் கண்டால் இப்போது மருந்துக் கம்பெனியில் எல்லோரும் பத்தடி தள்ளி நின்றார்கள். அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. தலைமுடியில் தூசி ஒட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

அது முப்பது வருடப் பழைய மருந்து. லேசில் கரையாது என்பதால் நோயாளிகள் நாளைக்கு ஆறு மாத்திரை விழுங்கினார்கள். அதையே மெல்லிய ஊசிப் படிகமாக உறைய வைத்தால் சட்டென்று கரையும், ஒரே மாத்திரை போதும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். ஆறு மாதம் ஊசி ஊசியாக வந்தது. ஒருநாள் காலையில் கல் மாதிரி கட்டைப் படிகம் வந்து உட்கார்ந்தது. அதன் ஒரு துகள் விழுந்தால் போதும், கரைசல் மொத்தமும் கட்டையாகத்தான் உறையும். தரையைக் கழுவினார்கள், சுவரைக்கூடச் சுரண்டினார்கள். அந்தக் கட்டடத்தில் அப்புறம் ஊசி வரவே இல்லை.

வேறு ஊரில் புது ஆய்வுக்கூடம் போட்டார்கள். கட்டையோடு புழங்கியவர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. அப்போது அதே கம்பெனியின் வேறு கிளையில் வேலையாக இருந்த அவள் கணவர், புதுச் சட்டை, புதுச் செருப்போடு அங்கிருந்தே நேராகப் போனார். எட்டு மாதமாகிறது. வீட்டுக்கு வந்தால் அவள் முடியிலிருந்து ஒரு துகள் அவர் காலரில் ஏறிவிடுமே! கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து, பெண்டாட்டி தொற்றுநோய் ஆகிவிட்டாள். ஒருத்திக்கு மட்டும் அளவாகச் சமைக்க அவளுக்கு இன்னும் வரவில்லை. மீந்ததை மறுநாள் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

புதன்கிழமை மதியம் அவர் ஃபோன் செய்தார்.

"இன்னிக்கும் வெறும் கூழ்தான். ஊசியும் இல்ல, கட்டையும் இல்ல. வெள்ளிக்கிழமையோட மூடிடுவாங்க. சனிக்கிழமை வீட்டுக்கு வந்துடறேன்."

சனிக்கிழமை! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவர் குரல் செத்துக் கிடந்தது.

"கரைசல் ஆறுற நேரத்துல என்ன பண்றீங்க?"

"கலக்கிக்கிட்டே இருக்கேன்."

அதுதானே! டீ ஆறிப்போகும்வரை கரண்டியால் கலக்கும் மனுஷன். அவள் ஒருநாளும் கலக்கியதில்லை. அதனால் கலக்கக் கூடாது என்று செய்முறைக் குறிப்பில் எழுதவும் தோன்றவில்லை. செய்யாத காரியத்தை யார் எழுதுவார்கள்?

வாயை மூடிக்கொண்டால் மூன்றே நாளில் அவர் வாசலில் நிற்பார். முப்பது வருடமாக ஆறு விழுங்கியவர்கள் இன்னும் கொஞ்ச நாள் விழுங்கட்டுமே என்று வெட்கமில்லாமல் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

"ஏங்க, கலக்காதீங்க. கையைக் கட்டிக்கிட்டு சும்மா உக்காருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுநாள் மதியம் ஃபோனில் ஒரே கூச்சல். "ஊசி! அத்தனையும் ஊசி! நீ வந்து பாக்கணுமே, உடனே கிளம்பி வா!" என்று கத்தினார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பின்னால் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இனி உற்பத்தி இங்கதானாம். மூணு வருஷம், நான்தான் பாத்துக்கணுமாம்" என்றார் மெதுவாக. "இது தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றவள், அவருக்குக் கேட்கும்படியாகவே அழுதாள்.