உம்மா சுட்ட சஹன்

நிஹ்லா ஒரு ஈர்க்கினால் உம்மாவின் நகங்களுக்குள் இருந்த வெள்ளைக் களிமண்ணைக் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். மண் இருந்தால் தண்ணீர் படாது, தண்ணீர் படாவிட்டால் குளிப்பு நிறைவேறாது என்று மையித்துக் குளிப்பாட்ட வந்த ஹாஜறா சொல்லியிருந்தாள். வலது பெருவிரலில் மட்டும் மண் வர மறுத்தது. அந்த விரலால்தான் உம்மா பீங்கான்களின் விளிம்பை வளைப்பாள்.

சுபஹு தொழுதுவிட்டுப் பீங்கான் சுடும் போறணையைப் பற்ற வைத்தவள், அதன் முன்னாலிருந்த கதிரையிலேயே காலையில் உயிர் அடங்கிப்போனாள். நெஞ்சு நோகிறது என்றுகூடச் சொல்லவில்லை. யாரையும் உதவிக்குக் கூப்பிட்டுப் பழக்கமில்லாத மனுசி.

பின்வளவிலிருந்து முகைதீன்பாவா மாமாவின் குரல் வந்தது. உம்மாவுக்கு மூத்தவர். நாலு பேர் கூடினால் தலைமை அவர்தான் என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

"இந்தப் போறணைய நூத்துங்க. மையித்து ஊட்டுல அடுப்பெரியிறயா? ஊரு என்ன கதைக்கும்?"

நிஹ்லா எழுந்து போனாள். மாமா கேஸ் சிலிண்டரின் தலையில் கை வைத்து நின்றார்.

"இது சோறாக்கிற அடுப்பில்ல மாமா."

"நெருப்பு நெருப்புத்தானே புள்ள."

"உள்ளுக்கு உம்மாட சஹன் கிடக்கு. பாதியில சூடு இறங்கினா வெடிச்சிரும்."

அறுகம்பேக் கடற்கரை விடுதிகளுக்கு உம்மா ஓராள் சாப்பிடும் பீங்கான் தட்டுகள் செய்து கொடுத்தாள். விளிம்பு கோணி, விரல் பதிந்திருந்தால்தான் வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்கும். சொந்த ஊரில் ஒரு வீட்டிலும் அவை மேசை ஏறவில்லை. மாமாவின் மகள் பஸ்னாவின் கலியாணம் வந்தபோது, நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன்களை நானே செய்து தாறேன் என்று உம்மா வாய்விட்டுக் கேட்டாள். "கோணல் பீங்கானுல மாப்பிள்ள ஊட்டாக்களுக்குச் சோறு வெக்கேலா" என்று சொல்லி, மாமா கல்முனைக் கடையில் மெலமைன் சஹன் வாங்கினார். உம்மா கலியாணத்துக்குப் போனாள், வயிறாரச் சாப்பிட்டாள், மறுநாளே மண் பிசைய உட்கார்ந்தாள்.

அவ்வளவு அகலமான தட்டு சூட்டில் பிளக்கும். பிளந்தது. திரும்பச் செய்தாள், திரும்பவும் பிளந்தது. இந்தத் தடவைதான் சஹன்கள் முதல் சூட்டைத் தாங்கிக்கொண்டு, பூச்சு உருகுவதற்கான கடைசிச் சூட்டுக்கு உள்ளே போயிருந்தன.

"கையை எடுங்க மாமா."

"என்ன கதை கதைக்காய்?"

"இது உம்மா எனக்குச் சீதனமாத் தந்த ஊடு. இஞ்ச எது எரியணும், எது நூரணும் எண்டு நான்தான் சொல்லணும்."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த ஊரில் வீடு பெண்ணுக்குரியது என்பது மாமாவுக்குத் தெரியாததல்ல. ஒரு பெண் அதை முகத்துக்கு நேரே சொல்லி அவர் கேட்டதில்லை, அவ்வளவுதான். கையை எடுத்தார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா புறப்பட்டது. ஆண்களின் கலிமாச் சத்தம் தெருமுனை தாண்டி மையவாடிப் பக்கம் தேய்ந்தது. உள்ளே பெண்கள் குசுகுசுத்தார்கள்.

"தாயைக் கொண்டு போறாங்க, இவ நெருப்புக்குக் காவல் இரிக்கா."

நிஹ்லாவின் காதில் விழுந்தது. விழட்டும் என்று போறணையின் துவாரத்தில் கண்ணை வைத்தபடி இருந்தாள். உள்ளே எல்லாம் வெள்ளையாய்த் தகதகத்தது. மஃரிபு பாங்குக்கு அவளே கேஸை மூடினாள். அதன் பிறகுதான் கண்ணீர் வந்தது, அடக்க முடியாமல் வந்தது.

மூன்றாம் நாள் உம்மாவுக்காக ஓதும் கத்தத்துக்கு அயல்வீட்டார் சோறாக்கிக் கொண்டுவந்தார்கள். போறணையைத் திறந்தபோது ஒரு சஹன் பிளந்திருந்தது. மற்றவை தேங்காய்ப் பால் நிறத்தில், வளைந்த விளிம்போடு முழுசாய் இருந்தன. நிஹ்லா அவற்றில் சோற்றைக் குவித்துச் சபைக்கு அனுப்பினாள்.

மாமா நின்றபடி கேட்டார்.

"வேற சஹன் இல்லயா?"

"இரிக்கி. எடுக்கமாட்டன்."

மற்றவர்கள் கை கழுவிவிட்டுக் காத்திருந்தார்கள். பசித்த சபைக்கு முன் ஒரு மனிதர் எவ்வளவு நேரம்தான் நிற்பது. மாமா உட்கார்ந்தார். மூத்தவர் என்ற முறையில் நடுவிலிருந்த இறைச்சியை மற்றவர்கள் பக்கம் பங்கிட்டார். தன் பக்கத்துச் சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு, அந்தச் சஹனை அவரே பின்வளவுப் பைப்படிக்குத் தூக்கிப் போனார். தன் வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவி அறியாதவர். விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது. நிஹ்லா வாங்கிக்கொள்ளப் போகவில்லை. கழுவட்டும் என்று நின்றாள்.

"இத ஷோகேசுக்குள்ள வெப்பமா மகள்? தங்கச்சி சுல்பிகாட ஞாபகமாக் கிடக்கும்."

"வேணாம் மாமா. அடுப்படியில வைங்க. இரவைக்கும் திங்கணும்."

மாமா ஈரச் சஹனைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காலடியைப் பார்த்துப் பார்த்துப் படியேறினார்.